கழற்றிய ஆக்சிலும் கியரில் நிறுத்திய காரும்

வாசகர் கேள்வி – பதில்: வாகனம்

கேள்வி: என்னிடம் இருப்பது பதினோரு ஆண்டுகள் ஓடிய, முன்சக்கர இயக்கமுள்ள சிறிய கார். இடப்பக்க ஆக்சிலின் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது என்று சொல்லி, தெருமுனைப் பட்டறைக்காரர் அதைக் கழற்றி, மாற்றுச் சாமான் பார்ப்பதற்காக ஜே.சி. ரோட்டுக்கு எடுத்துச் சென்றிருக்கிறார். சக்கரத்தை மட்டும் திரும்ப மாட்டி, சரிவான எங்கள் தெருவில் காரை முதல் கியரில் போட்டு நிறுத்திவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் என் தங்கை மகளுக்குத் திருமணம். வலப்பக்க ஆக்சில் நன்றாக இருக்கும்போது ஒரு சக்கரம் இழுத்தால் போதாதா, மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்கிறார் என் மைத்துனர். முடியாவிட்டால் தன் காரில் கயிறு கட்டி ஓசூரில் தெரிந்த பட்டறை வரை இழுத்துச் செல்வதாகவும் சொல்கிறார். இவற்றில் எது சரி? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அல்சூர், பெங்களூரு)

பதில்: இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் திருமணமே முடிந்துவிடும் என்பதால், முதலில் செய்யவேண்டியதைத் தொலைபேசியிலேயே உங்களிடம் சொல்லிவிட்டேன்: ஹேண்ட் பிரேக்கை முழுவதுமாக இழுங்கள்; பின்சக்கரங்கள் இரண்டுக்கும் இறக்கத்துப் பக்கம் பெரிய கல் வையுங்கள்; மற்றதைப் பிறகு பேசலாம். ஹேண்ட் பிரேக் பாதிதான் இழுக்கப்பட்டிருந்தது என்று நீங்கள் திரும்ப அழைத்துச் சொன்னபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. கியரில் போட்டால் கார் நிற்கும் என்பது நம் கைக்கும் காலுக்கும் பழகிப்போன நம்பிக்கை. பட்டறைக்காரருக்கும் அதே பழக்கம்தான்.

மைத்துனரின் முதல் யோசனையை எடுத்துக்கொள்வோம். கியர் பாக்ஸிலிருந்து வரும் சக்தி நேராகச் சக்கரங்களுக்குப் போவதில்லை. நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி இருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் சக்தியைக் கொண்டுபோகும் தண்டுதான் ஆக்சில். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் உருளவேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுப்பதே அதன் வேலை. அந்த வசதிக்கு அது வைத்திருக்கும் நிபந்தனை, இரு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தருவேன் என்பது. ஒரு பக்கம் எதிர்ப்பே இல்லையென்றால் மறுபக்கத்துக்கும் ஒன்றும் கிடைக்காது. கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் ஒரு முனையில் தண்ணீர்க் குடம் இருக்கிறது. மறுமுனையை யாரும் பிடிக்கவில்லை. கப்பியை அப்படியே மேலே தூக்கினால் குடம் எழும்புமா? பிடிக்காத முனை இரண்டு மடங்கு வேகத்தில் உருவிக்கொண்டு ஓடும். குடம் இருந்த இடத்தில் இருக்கும். உங்கள் காரில் பிடிக்காத முனை இடப்பக்கம், குடம் வலப்பக்கச் சக்கரம்.

ஒரு பக்க ஆக்சில் இல்லாத காரை ஸ்டார்ட் செய்து, முதல் கியரில் போட்டுக் கிளட்சை விட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி மறக்காது: என்ஜின் திணறாது, கார் ஓர் அங்குலம்கூட நகராது, ஆனால் ஸ்பீடாமீட்டர் முள் மட்டும் மெல்ல எழுந்து 10, 15 என்று காட்டும். பல கார்களில் வேகத்தை அளக்கும் சென்சார் சக்கரத்தில் இல்லாமல், கியர் பாக்ஸில் டிஃபரன்ஷியலை ஒட்டி இருப்பதால் வரும் வேடிக்கை இது. பார்ப்பதற்கு வேடிக்கையே தவிர, செய்து பார்க்கச் சொல்லமாட்டேன். ஆக்சில் இல்லாத பக்கத்துப் பல்சக்கரம் இரட்டை வேகத்தில் சுழலும்போது அதன் வாஷர்கள் தேய்கின்றன. ஷாஃப்டின், அதாவது ஆக்சில் தண்டின், முனை உள்ளே இருந்து தாங்காததால் சில கியர் பாக்ஸ்களில் அந்தப் பல்சக்கரம் இடம் விலகிவிடுவதும் உண்டு. அப்படி விலகினால் கியர் பாக்ஸை இறக்கித்தான் சரிசெய்யவேண்டியிருக்கும்.

ஆகவே சேலத்துக்கு ஓட்டிச் செல்லும் கேள்வி தானாகவே தீர்ந்துவிடுகிறது. ஆனால் ஓடாத கார் ஆபத்தில்லாத கார் என்று நினைத்துவிடக்கூடாது. ஆக்சில் என்பது சக்கரத்தை இழுக்கும் தண்டு மட்டும்தான் என்று நாம் எண்ணியிருக்கிறோம். அது சத்தமில்லாமல் வேறு மூன்று வேலைகளையும் செய்துகொண்டிருந்தது என்பது அதைக் கழற்றிய பிறகுதான் தெரியவரும்.

முதல் வேலை, நிறுத்திய காரைப் பிடித்து வைப்பது. கியரில் போட்டு நிறுத்தும்போது சக்கரத்தைத் தடுப்பது என்ஜினின் இறுக்கம். அந்த இறுக்கம் சக்கரத்தை எட்டுவது ஆக்சில்கள் வழியாக மட்டுமே. ஒன்று இல்லாவிட்டால், மேலே சொன்ன கப்பிக் கணக்கு தலைகீழாக நடக்கும்: வலப்பக்கச் சக்கரம் உருளும், அதற்கு ஈடாக இடப்பக்க வெறும் பல்சக்கரம் எதிர்த்திசையில் சுழலும், என்ஜின் எதையும் உணராமல் அசையாமல் நிற்கும். ஆட்டோமேட்டிக் கார்களில் பி என்ற நிலையில் போட்டாலும் இதே கதைதான். அந்தப் பூட்டும் கியர் பாக்ஸுக்குள்ளே இருப்பது. மேட்டில் நின்றுவிட்ட காரை அவசரத்தில் கியரில் தள்ளி நிறுத்தப் பார்ப்பவரும் இதே ஏமாற்றத்தை அடைவார். நான் சிவாஜி நகரில் பட்டறை நடத்திய தொடக்கக் காலத்தில், ஷாஃப்ட் கழற்றிய காரை முதல் கியரில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். பக்கத்தில் நின்ற பையன் கதவைச் சற்று ஓங்கிச் சாத்தியிருக்கிறான். கார் யாருக்கும் சொல்லாமல் இறங்கிப் போய் எதிரில் இருந்த இளநீர் வண்டியில் முட்டி நின்றது. காய்கள் தெருவெங்கும் உருண்டன. நல்ல வேளையாக இளநீர்க்காரர் அப்போது வண்டிக்கு அந்தப் பக்கம் இருந்தார். அன்று உருண்ட காய்கள் அத்தனைக்கும் பணம் கொடுத்துவிட்டு வந்தவன் என்பதால் இந்த விஷயத்தில் நான் சற்றுக் கண்டிப்பாகவே பேசுவேன்.

இரண்டாவது வேலை, சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைப்பது. இதைப் பட்டறைக்காரர்களிலேயே பலர் கவனிப்பதில்லை. முன்சக்கரம், அதன் நடுவில் இருந்து சுழலும் உலோகப் பகுதியான ஹப்பில் மாட்டப்பட்டிருக்கிறது. ஹப்பின் குழல் பேரிங்குக்குள் அழுத்தி நுழைக்கப்பட்டிருக்கிறது. பேரிங்கின் உள்வளையம் பெரும்பாலான கார்களில் ஒரே துண்டு கிடையாது, இரண்டு. அந்த இரண்டையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிப்பது, ஹப்பின் நடுவில் நுழைந்து வெளியே வரும் ஆக்சில் முனையும், அதன்மேல் இறுக்கப்படும் பெரிய நட்டும்தான். பல சிறிய கார்களில் அந்த நட்டை 200 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்குவிசையில் இறுக்கச் சொல்லியிருப்பார்கள். சக்கர நட்டுகளுக்குச் சொல்லப்படுவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆக்சிலை உருவிவிட்டு வெறும் ஹப்பில் சக்கரத்தை மாட்டினால், பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். காரின் எடை ஏறி, சக்கரம் உருண்டு, ஒரு வளைவில் பக்கவாட்டு விசையும் சேரும்போது உள்வளையங்கள் விலகும், குண்டுகள் தம் பாதையை விட்டு ஓரத்தில் ஏறும், சக்கரம் ஆடும், மோசமான நிலையில் ஹப்போடு சேர்ந்து வெளியே வந்துவிடவும் கூடும். சில புதிய கார்களில் ஹப்பின் விளிம்பையே மடித்து உள்வளையத்தை அடைத்திருப்பதால் இந்த ஆபத்து குறைவு. உங்கள் கார் பதினோரு ஆண்டுகள் ஆனது என்பதால், பழைய வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வேலை, கியர் பாக்ஸுக்கு மூடியாக இருப்பது. ஷாஃப்ட் நுழையும் துளையில் இருக்கும் ஆயில் சீல், ஷாஃப்டைச் சுற்றிப் பிடித்தால்தான் எண்ணெயைத் தடுக்கும். ஷாஃப்டே இல்லாவிட்டால் அது வெறும் ஓட்டை. சிறிய காரின் கியர் பாக்ஸில் இருப்பதே ஏறத்தாழ 2 லிட்டர் எண்ணெய்தான். அதில் எவ்வளவு கீழே போயிற்று என்பது கார் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதைப் பொறுத்தது. காரின் அடியில் தரையைப் பாருங்கள் என்று உங்களிடம் சொன்னது அதற்காகத்தான். பட்டறைக்காரர் துணியைச் சுருட்டி அடைத்திருக்கிறார் என்றீர்கள். அவரைப் பாராட்டவேண்டும், தூசியாவது உள்ளே போகாது. ஆனால் புதிய ஷாஃப்டை மாட்டும்போது துணியை எடுத்தாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், சீலையும் மாற்றச் சொல்லுங்கள், எண்ணெயின் அளவைச் சோதித்து நிரப்பச் சொல்லுங்கள்.

இனி, கயிறு கட்டி ஓசூர் வரை இழுப்பது. இரண்டாவது வேலையைப் பற்றி மேலே சொன்னதைப் படித்தாலே, 40 கிலோமீட்டர் தூரத்துக்கு அந்த முன்சக்கரத்தைச் சாலையில் உருட்டுவது எப்படிப்பட்ட செயல் என்று புரியும். அதோடு, என்ஜின் ஓடாத காரில் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடம் இரண்டு மூன்று முறை மிதித்தவுடன் தீர்ந்துபோகும். பிறகு பெடல் கல்போல் இருக்கும். பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில், முன்னால் போகும் கார் திடீரென்று நின்றால், கயிற்றின் இந்த முனையில் இருப்பவர் அதன் பின்புறத்தில் மோதுவதைத் தவிர வேறு வழியில்லை. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறிவிட்டீர்கள் என்றால் நினைத்த இடத்தில் ஓரங்கட்டி நிற்கவும் முடியாது.

கார் நகர்ந்தே தீரவேண்டும் என்றால், தட்டையான மேடையுள்ள மீட்பு வண்டியை அழையுங்கள். காப்பீட்டுடன் சாலையோர உதவியும் சேர்த்து வாங்கியிருந்தால் தனிச் செலவும் இருக்காது. மேடையில் ஏற்றுவதற்கான சில அடி தூரத்துக்கும் சக்கரம் உருளவேண்டுமே என்று கேட்பீர்கள். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் இதற்காகவே தேய்ந்துபோன பழைய ஜாயிண்ட் ஒன்றின் தலையை, தண்டை அறுத்தெடுத்துவிட்டு, மூலையில் போட்டு வைத்திருப்பார்கள். அதை ஹப்பில் நுழைத்து நட்டை உரிய விசையில் இறுக்கிவிட்டால் பேரிங் பழையபடி பிடிபட்டு நிற்கும். கழற்றிய உங்கள் ஆக்சிலின் ஜாயிண்ட்டையே இதற்குப் பயன்படுத்தியிருக்கலாம்; அதைத்தான் ஜே.சி. ரோட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்களே.

கேள்வி: பேருந்துகளும் லாரிகளும் பழுதாகி நிற்கும்போது, ஆக்சிலை உருவி எடுத்துவிட்டுத்தானே இழுத்துச் செல்கிறார்கள்? அவற்றின் சக்கரம் மட்டும் ஏன் கழன்று போவதில்லை? (கே.ஆர். புரம் வாசகர்)

பதில்: நல்ல கேள்வி. அல்சூர் வாசகரின் மைத்துனர் கண்டதும் இதுவாகவே இருக்கவேண்டும். கனரக வண்டிகளின் பின் ஆக்சிலில் சக்கரத்தைத் தாங்குவது வெளியே இருக்கும் கனமான குழல்கூடு. ஹப், அந்தக் கூட்டின்மேல் தனக்கென்று இருக்கும் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகளில் சுழலும். உள்ளே இருக்கும் தண்டு முறுக்குவிசையைக் கடத்துவதோடு சரி, எடையில் ஒரு கிலோகூட அதன்மேல் இல்லை. அதனால் முனையிலுள்ள போல்ட்டுகளைக் கழற்றி, ஜாக்கிகூடப் போடாமல், தண்டை வாளைப்போல் உருவிவிடலாம். சக்கரம் அதன்பாட்டுக்கு நிற்கும். உருவிய பிறகு ஹப்பின் வாயை மூடவேண்டும், இல்லையென்றால் எண்ணெய் வழியும்.

உருவுவதற்கும் காரணம் உண்டு. என்ஜின் நின்ற நிலையில் இழுக்கும்போது, சக்கரங்கள் கியர் பாக்ஸின் பிரதான தண்டைப் பின்பக்கத்திலிருந்து சுழற்றும். ஆனால் எண்ணெயை வாரித் தெளிக்கும் கீழ்த்தண்டு என்ஜினோடு சேர்ந்துதான் சுழலும் என்பதால் அது சும்மா இருக்கும். எண்ணெயின்றிச் சுழலும் பேரிங்குகள் சில பத்துக் கிலோமீட்டரில் கருகிவிடும். இரண்டு பக்கத் தண்டுகளையோ, கியர் பாக்ஸையும் பின் ஆக்சிலையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டையோ கழற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பிரீமியர் பத்மினி போன்ற பின்சக்கர இயக்கக் கார்களில் நிலைமை நேர்மாறு. அவற்றில் சக்கரம் அந்தத் தண்டின் முனையிலேயே மாட்டப்பட்டிருக்கும். எடையையும் தண்டே சுமக்கும். அங்கே தண்டு இல்லையென்றால் சக்கரத்தை மாட்டவே இடமில்லை, ஓடும்போது வெளிமுனை ஒடிந்தால் சக்கரம் தனியாகப் போய்விடும். 1983 இறுதியில் மாருதி 800 வந்த பிறகு முன்சக்கர இயக்கம் நம் தெருக்களில் பெருகி, பழைய வண்டிகளின் பாடங்கள் பாதி மறந்தும் பாதி தவறான இடத்தில் பொருத்தப்பட்டும் வழங்கிவருகின்றன.

கேள்வி: ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி ஓட்டும்போது முன்சக்கரப் பக்கம் டக் டக் என்று சத்தம் வருகிறது. ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது, இன்னும் ஆறு மாதம் ஓட்டலாம் என்கிறார் எங்கள் மெக்கானிக். மாதம் இருமுறை சேலம் போய்வருகிறேன். ஓட்டலாமா? (ஜாலஹள்ளி வாசகி)

பதில்: அம்மா, ஆறு மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேளுங்கள். வெளிப்பக்க ஜாயிண்டுக்குள் பொதுவாக ஆறு எஃகுக் குண்டுகள், வழவழப்பான பள்ளங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் காப்பது உள்ளே நிரப்பிய கருப்பு கிரீஸ். கிரீஸைக் காப்பது மேலே உறையாக இருக்கும் அந்த ரப்பர் பூட். பூட் கிழிந்தவுடன் கிரீஸ் சக்கரத்தின் உட்புறமெங்கும் சிதறும். நம் ஊர் மழைநீரும் மணலும் அந்த இடத்தை நிரப்பும். கிழிந்ததும் கவனித்திருந்தால் ஜாயிண்டைக் கழுவி, புதிய கிரீஸும் ரப்பர் உறையும் போட்டு முடித்திருக்கலாம். சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது என்றால் பள்ளங்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். இனி ரப்பர் உறையை மட்டும் மாற்றுவது காசுக்குக் கேடு. திருப்பும்போது வரும் டக் டக் வெளிப்பக்க ஜாயிண்டையும், நேராகப் போகையில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வரும் நடுக்கம் பெரும்பாலும் உட்பக்க ஜாயிண்டையும் காட்டும்.

ஊருக்குள் கடைக்குப் போய்வருவது வேறு, உங்கள் சேலம் வழி வேறு. தருமபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்தில் நாம் அனைவரும் கீழ் கியரில் போட்டு என்ஜின் பிடியில் இறங்குகிறோம். அந்த இடத்தில் ஜாயிண்ட் கழன்றால் ஆக்சில் இல்லாத காரின் நிலை நொடியில் வந்துவிடும்: என்ஜின் பிடி அறுந்துபோய், கார் வேகமெடுக்கும். சக்கரத்து பிரேக் ஆக்சிலைச் சார்ந்ததன்று, ஆகவே அது வேலை செய்யும். ஆனால் ஒரு முனையில் மட்டும் மாட்டிக்கொண்டு சுழலும் தண்டு பக்கத்திலிருக்கும் பிரேக் ஹோஸை அடித்து அறுத்துவிட்டால் அதுவும் போயிற்று. எப்போதாவது அப்படி நேர்ந்தால், உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, என்ஜின் தண்டை மேலும் சுழற்றாதபடி கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, என்ஜினை அணைக்காமல், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி இடது ஓரத்தில் நிறுத்துங்கள். நின்றதும் ஹேண்ட் பிரேக், பிறகு சக்கரத்துக்குக் கல்.

மாற்றும்போது, தெரிந்த கடையில் நல்ல தயாரிப்பாக வாங்கச் சொல்லுங்கள். பழைய ஷாஃப்டைத் தேய்த்துத் தீட்டிப் புதிதுபோல் விற்பதும் சந்தையில் உண்டு. ஆக்சில் நட்டையும் புதிதாகப் போடுவதே முறை. ஒருமுறை விளிம்பை அடித்து மடித்த நட்டைத் திரும்பப் பயன்படுத்தக்கூடாது.

கேள்வி: என் ஜீப்பில் நான்கு சக்கர இயக்கம் இருக்கிறது. முன் ஆக்சில் ஒன்று ஒடிந்தால், பின்சக்கரங்களைக் கொண்டு ஓட்டலாமா? (எலகங்கா வாசகர்)

பதில்: வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கு மாற்றிக்கொள்ளும் வகை என்றால், இரு சக்கர நிலையில் வைத்துப் பட்டறை வரை ஓட்டிச் செல்ல முடியும், ஒடிந்த தண்டை அகற்றியிருக்கவேண்டும், முன் ஹப்பின் பேரிங் பிடிபட்டிருக்கவேண்டும். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகையில் நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியல் இருப்பதால், அதைப் பூட்டும் வசதி இல்லாவிட்டால் ஓடாது. இன்னொன்று: பழைய ஜீப்புகள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லாமல், முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். அவற்றில் பின்பக்கத் தண்டு ஒன்று இல்லாவிட்டால் ஹேண்ட் பிரேக்கும் இல்லை என்று அர்த்தம்; ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினாலே வண்டி உருளும்.

கேள்வி: பழுது தெரிந்தே ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடைக்குமா? (அல்சூர் வாசகரின் மற்றொரு கேள்வி)

பதில்: தேய்மானத்தாலும் இயந்திரக் கோளாறாலும் ஏற்படும் செலவைக் கார் பாலிசி பொதுவாக ஏற்பதில்லை, ஆகவே ஆக்சிலின் விலை உங்களுடையது. பழுதாகி நின்ற வண்டியைச் சரிசெய்யாமல் ஓட்டினால், அதனால் கூடுதலாக ஏற்படும் சேதம் முழுவதும் உரிமையாளரின் பொறுப்பு என்ற நிபந்தனையும் பாலிசியில் அச்சிடப்பட்டிருக்கிறது. எடுத்துப் படித்துப் பாருங்கள். தவிர, ஆபத்து விளைவிக்கக்கூடிய பழுது இருப்பதை அறிந்தும் பொது இடத்தில் வண்டியை ஓட்டுவதும், ஓட்ட அனுமதிப்பதும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவின்படி குற்றம். அனுமதிப்பதும் என்று இருப்பதால், மைத்துனர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்தாலும் சாவியைக் கொடுத்த நீங்களும் அதில் அடக்கம். சேலத்துக்கு ரயிலில் போய்வந்தீர்கள் என்று அறிந்தேன். திரும்பி வந்தபோது கார் வைத்த இடத்திலேயே இருந்ததா என்று எழுதுங்கள்.